என் காலைப் பார்த்த டாக்டர்

கூலிக்கு நாற்றுப் பறித்தவன், சொந்தமாக நிலம் வாங்கி நெல் விளைவித்தவன் நான். அப்படிப்பட்டவனிடம் தஞ்சாவூரில் பார்த்த சர்க்கரை டாக்டர்கள் எல்லோரும், "சோற்றை விடுங்க" என்றார்கள். நான் டாக்டர்களை விட்டேன்.

கடைசியில் மனைவி என்னை ஒரத்தநாட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். அவர் முதலில் காலை நீட்டச் சொன்னார். வயலில் நத்தை ஓடு கிழித்த உள்ளங்கால் சீழ் பிடித்திருந்தது.

"வலிக்கலையாங்க ஐயா?"

"இது சேத்துல உழைச்ச இரும்புக் காலுங்க. முள்ளு ஏறினாலும் தெரியாது."

"அதாங்க ஐயா வியாதியே. சர்க்கரை உங்க கால் உணர்ச்சியைத் தின்னுடுச்சு. இப்படியே விட்டா காலையே எடுக்க வேண்டி வரும்."

"இரும்புக் காலாம்! துருப்பிடிச்சதே தெரியல," என்றாள் மனைவி.

"அப்ப சோறு?" என்றேன்.

"கொஞ்சமா சாப்பிடுங்க, காய் நிறைய வச்சுக்குங்க. மாத்திரையை விடாதீங்க. வெறுங்காலோட மட்டும் வயல்ல இறங்காதீங்க."

இவர்தான் என் டாக்டர் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

காயம் ஆறிவிட்டது. இப்போது முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு வயலில் இறங்குகிறேன்.

"என்ன பெரியப்பா, மிலிட்டரியில சேந்துட்டீங்களா?" என்று வரப்பில் போகிறவர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும். எங்கள் ஊரில் பூட்ஸோடு சேற்றில் இறங்கிய முதல் ஆள் நான்தான்.