பச்சைக் கதவில் இல்லாத பள்ளம்

என் வீட்டுக்காரர் கார் டிங்கர். நசுங்கிய தகட்டை உள்பக்கமிருந்து தட்டி நிமிர்த்துவார். கல்யாணமான புதிதில் கடைக்கு அனுப்பினால் காய்த் தக்காளியாகப் பொறுக்கிக்கொண்டு வருவார். பொறுப்பில்லாத ஆள் என்று நாலு வருஷம் வாய் வலிக்கத் திட்டினேன். பச்சையும் சிவப்பும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான் என்பது, பட்டறைக்கு அந்தப் பச்சைக் கார் வந்தபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

கார்க் கதவில் செங்காவிக் கறை. நாமாக இருந்தால், நிறம்தான் மாறியிருக்கிறது, தகடு சமமாக இருக்கிறது என்று பார்த்ததும் சொல்லிவிடுவோம். இவருக்கு அந்த இடம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்ததோடு சரி. நிழல் விழுகிறது, அப்படியென்றால் பள்ளம் என்று உள்ளேயிருந்து நாலு தட்டு. நல்ல கதவு, இடித்துக்கொண்ட நெற்றி மாதிரி புடைத்துக்கொண்டது. தடவிப் பார்க்கக் கையில்லையா என்று கேட்டேன். அவசரமாம்.

இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்றாராம் முதலாளி. இந்த மனுஷனுக்கு வேறு தொழில் தெரியாது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான், காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் சாப்பாட்டு டப்பாவைச் சாக்காக வைத்து, முதலாளியிடம் பேச நானே போனேன். அங்கே ஒரு வேன். பக்கம் முழுக்கச் சிவப்புப் பூவும் பச்சை இலையும் வரைந்திருந்தது. தள்ளுகிற கதவு எங்கேயோ உரசுகிறது. நசுங்கிய இடம் தெரியவில்லை. முதலாளியும் பெயின்டரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பூதான் தெரிந்தது.

மூலையில் உட்கார்ந்திருந்த இவர் எழுந்திருக்கக்கூட இல்லை. "பின் சக்கரத்துக்கு மேல, ஒரு சாண் தள்ளி. பளிச்சுனு தெரியுதே?"

முதலாளி கை வைத்தார். பள்ளம். பூவும் இலையும் இவருக்கு ஒரே நிறம். நிழல் மட்டும் தனியாகத் தெரிந்திருக்கிறது.

விடுவேனா? "பள்ளத்த இவரு காட்டட்டும். கறையா இல்லையான்னு பெயின்டர் அண்ணன் சொல்லட்டும். ஒரு வார்த்த சொன்னா வாயா தேஞ்சிடும்?"

முதலாளி சிரித்துவிட்டார். வேலை நிலைத்தது.

பெயின்டர் லீவு போட்டால் மட்டும் எனக்கு போனில் போட்டோ வரும். நேற்றும் வந்தது, அடுப்பில் பால் பொங்குகிற நேரத்தில். "கறைதான், தொடாதீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் பால் வழிந்துவிட்டது.