என் ஆங்கிலத்தில் இல்லாத வாக்கியம்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் சிறிய பட்டறை ஒன்றில் நான் விற்பனைப் பிரதிநிதி. தமிழில் படித்தவன் என்பதால், வியாபார ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கி, மெட்ராஸ் போகும் ரயிலில் தினமும் மனப்பாடம் செய்தேன். மீஞ்சூர் வருவதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிடும்.

அந்தத் தைரியத்தில்தான் ஒரு பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் ஆபீசரைப் போய்ப் பார்த்தேன். இருநூறு பம்பு மூடிகள் திங்கட்கிழமை காலையில் கிடைக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அன்று வியாழன். அது ஒரு வாரத்து வேலை. தமிழில் கேட்டிருந்தால், "கஷ்டம் சார்" என்று இழுத்திருப்பேன். ஆங்கிலத்தில் என் வாயில் வந்தது ஒன்றுதான்.

"சர்ட்டன்லி, சார்."

பட்டறையில் ஞாயிறு விடுமுறை ரத்தானது. மணலில் அச்சு போடும் ஆரோக்கியம் என்னிடம் வந்தார். அந்த ஞாயிறுதான் சர்ச்சில் அவர் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. வெள்ளை கவுன்கூடத் தைத்தாகிவிட்டது.

"மொதலாளி லீவு இல்லேன்னுட்டாரு சார். ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. முடியாதுன்னு சொல்றதுக்கு அந்த பொஸ்தகத்துல இன்னா போட்டுகிது?"

அவர் குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

வீட்டுக்குப் போய்ப் புரட்டினேன். அந்த வாக்கியம் இருந்தது. விற்கிறவனுக்கு இது எதற்கு என்று நானே பென்சிலால் அடித்து வைத்திருந்தேன்.

ஞாயிறு காலை அவர் குனிந்து மணலை இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்வதென்று எனக்குத் தமிழிலும் தெரியவில்லை.