அண்ணன் ஓட்டிய ஹெரால்டு

அப்பா எங்கள் இருவருக்கும் பொதுவில் விட்டுப்போனது ஒரு பழைய ஹெரால்டு கார். நிலத்தைப் பாகம் பிரித்தாயிற்று, காரை எப்படிப் பிரிப்பது? கோயிலில் குருக்கள்மார் முறை வைத்துக்கொள்வதுபோல நாங்களும் வைத்துக்கொண்டோம். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிவரை அண்ணன், அதற்கடுத்து நான். திருவண்ணாமலையில் எதை மறந்தாலும் பௌர்ணமியை மறக்க முடியாது என்று பெருமையாக முடிவெடுத்தோம். அன்றைக்குக் கிரிவலப் பாதையில் சைக்கிள்கூட நகராது என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. முறை மாறிய முதல் பௌர்ணமியன்று நான் அண்ணன் வீட்டிலிருந்து காரை எடுத்துக் கிளம்பி, வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, கேட்கக் கூடாத பேச்செல்லாம் கேட்டேன். அதன்பிறகு மறுநாள் காலை என்று மாற்றிக்கொண்டோம்.

தனி மாவட்டமாகி வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வந்த புதிது அது. அண்ணனுக்கு அங்கே வேலை, வீடும் அங்கேயே. எனக்கு அடி அண்ணாமலையில் விவசாயம். அவர் முறையில் கார் ஷெட்டுக்குள் படுதா போர்த்திக்கொண்டு தூங்கும். ஞாயிற்றுக்கிழமை படுதாவை எடுத்து, துடைத்து, கேட்வரை உருட்டிவிட்டு மறுபடியும் உள்ளே விடுவார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். துடைக்கிற துணியை வாராவாரம் துவைத்துக் காயப்போடுவார். "எனக்கு இவ்ளோ மெத்துனு ஒரு புடவை கிடையாது தம்பி" என்பார் அண்ணி.

என் முறையில் உர மூட்டை, தேங்காய், சொந்தக்காரர்கள் எல்லாம் அதில்தான் வரும். ஒருமுறை ஆட்டுக்குட்டியும் வந்தது. காரைத் திருப்பிக் கொடுக்கும்போது சீட்டு இடுக்கில் கிடக்கும் வேர்க்கடலைத் தோலைப் பொறுக்கிக்கொண்டே அண்ணன் திட்டுவார்.

"இது காரா, மாட்டு வண்டியாடா?"

"ஓடுறதுக்குத்தானேண்ணா கார்? நீங்களும்தான் கொஞ்சம் ஓட்டிப் பாருங்களேன்."

"ரிட்டயர் ஆயிட்டு ஓட்டுறேன். அதுவரைக்கும் பத்திரமா இருக்கட்டும்."

வருஷக்கணக்கில் இதே சண்டைதான். அவருக்கு ஓட்டப் பயம், அதை மறைக்கத்தான் இந்தத் துடைப்பு வேலை என்று நான் என் மனைவியிடம் கேலி பேசியிருக்கிறேன்.

ரிட்டயர் ஆக இன்னும் சில வருஷங்கள் இருந்தபோது அண்ணன் கண்ணைக் காட்ட வேலூர் போனார். கண் நரம்பு கெட்டுக்கொண்டிருக்கிறது, பக்கவாட்டில் பார்வை குறைந்துவிட்டது, போனது திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். பகலில் வண்டி ஓட்டலாம், அதுவும் ரொம்ப நாளைக்கு முடியாது என்றார்களாம்.

மறுநாள் காலை அண்ணன் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தார். அது என் முறை. விஷயத்தை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, "கார குடுக்கிறியாடா?" என்று கேட்டார். அவர் என்னிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. பின்சீட்டில் கிடந்த மூட்டைகளை இறக்கிப்போட்டுச் சாவியைக் கொடுத்தேன். அதற்கப்புறம் முறையாவது ஒன்றாவது.

அண்ணன் ஓட்டினார் பாருங்கள், அதுவல்லவோ ஓட்டுவது. கியர் மாறுவது காதுக்கே தெரியாது. பள்ளத்தில் இறங்கினால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு குலுக்கல் இருக்காது. இத்தனை திறமையைப் படுதாவுக்குள் போர்த்தி வைத்திருந்தாரே என்று எனக்குக் கோபமும் வந்தது, பெருமையும் தாங்கவில்லை. லீவு நாளெல்லாம் அண்ணியை ஏற்றிக்கொண்டு செங்கம், போளூர், சாத்தனூர் அணை என்று சுற்றினார். மழையில் போனார். அண்ணி சீட்டிலேயே முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார், இவரும் ஒன்று வாங்கிக் கடித்தார். ஒருநாள் கதவுவரை சேறு காய்ந்து கிடப்பதைப் பார்த்து எனக்கே மனசு கேட்காமல் வாளியை எடுத்தேன். "விட்றா, நாளைக்கும் போகத்தானே போறேன்" என்றார்.

வெயில் நன்றாக ஏறிய ஒரு காலையில் மலையைச் சுற்றி வரலாம் என்று கிளம்பினோம். அண்ணன் ஓட்ட, பக்கத்தில் நான், பின்னால் அண்ணி. அடி அண்ணாமலை தாண்டியதும் இடது பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் ரோட்டில் ஏறியது. நான் பார்த்துவிட்டேன். அவரும் பார்த்திருப்பார் என்றுதான் இருந்தேன். கார் வேகம் குறையவில்லை.

"ண்ணா, சைக்கிள்" என்றேன்.

பிரேக் பிடித்தார். சைக்கிள்காரர் எங்களை முறைத்துவிட்டுப் போய்விட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அண்ணன் காரை மெல்ல ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து என் கதவைத் திறந்தார்.

"இறங்குடா. இனிமே நீ ஓட்டு."

ஓட்ட வேண்டாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் நானோ அண்ணியோ வாய் திறந்திருக்கவும் மாட்டோம். அவ்வளவு ஆசையாய்ப் பிடித்த ஸ்டியரிங்கை ஒரு நிமிஷத்தில் விட்டுக்கொடுத்த அந்த மனுஷனைப்போல இருக்க எனக்கு வராது. பின்னால் அண்ணி அழுவது கேட்டது. நான் இடம் மாறி உட்கார்ந்தேன். எனக்கும் கண் கலங்கியிருந்ததால் இரண்டாவது கியரிலேயே ஊர்ந்துகொண்டிருந்தேன்.

அண்ணன் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே தொங்கவிட்டார். கொஞ்ச தூரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், என் பக்கம் தலையை முழுக்கத் திருப்பினார்.

"ஏன்டா இப்படி உருட்டுற? நல்லா வேகமா போடா. வண்டிக்கு ஒண்ணும் ஆகாது."