திங்கட்கிழமை மோர்

எங்கள் வீட்டுக் குளியலறை மூலையில் ஒரு பச்சை நிறக் குளிர்பான பாட்டில் இருக்கிறது. இப்போது அதில் பினாயில். ஒரு காலத்தில் திங்கட்கிழமை தவறாமல் அதில் மோர் இருக்கும். இஞ்சி, கறிவேப்பிலை, பாதி எலுமிச்சம்பழம் எல்லாம் சேர்த்து என் மனைவி தன் அண்ணனுக்காகக் கடைந்த மோர். ஞாயிற்றுக்கிழமை குடித்த போதையை அது இறக்கிவிடும் என்று அவள் நம்பினாள். நானும் நம்பினேன். ஆம்பூரில் எங்கள் தோல் தொழிற்சாலையில் அதை நம்பாத ஆளே கிடையாது.

மச்சானுக்கும் எனக்கும் ஒரே மெஷினில் வேலை. தோலில் ஒட்டியிருக்கும் சதையை வழித்தெடுக்கும் மெஷின். மாட்டுத் தோலை ஒற்றை ஆள் சமாளிக்க முடியாது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து உருளைமேல் விரிக்க வேண்டும். நான் கையை எடுத்துவிட்டு "உம்" என்பேன். அதன்பிறகுதான் அவர் பெடலை மிதித்து உருளையை மூடுவார். ஒன்பது வருஷம் அந்த "உம்"மை நம்பித்தான் என் விரல்கள் இருந்தன.

திங்கட்கிழமைகளில் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே நிறுத்தி அவர் வாயை முகர்ந்து பார்ப்பேன். பிறகு பாட்டிலை நீட்டுவேன்.

"நைட்டு பத்து மணிக்கே நிறுத்திட்டேன் மாப்ளே. தூங்கி எழுந்தாச்சி, குளிச்சாச்சி. இன்னும் இன்னா இருக்கப் போவுது உள்ள?" என்பார்.

மோர் உள்ளே போனதும் நாற்றம் கம்மியாகிவிடும். அதோடு என் சந்தேகமும் தீர்ந்துவிடும். உண்மையில் தீர்த்துக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை, நான் "உம்" சொல்வதற்கு முன்பே உருளை மூடிக்கொண்டது. என் இடது கையில் இரண்டு விரல் போயிற்று.

கட்டுப் பிரித்த டாக்டரம்மாவிடம் மோர் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மோர் வாய் நாத்தத்ததான் மறைக்கும். ரத்தத்துல கலந்தத கல்லீரல்தான் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். மோர், காபி, பச்சத்தண்ணி குளியல், எதுக்கும் அது அவசரப்படாது. நிறைய குடிச்சா விடிஞ்சும் உள்ள மிச்சம் இருக்கும். தெளிஞ்சிட்டா மாதிரி அவருக்குத் தோணும், காலு சொன்ன பேச்சு கேக்காது" என்றார்.

விரலுக்காக மச்சானை மன்னித்திருப்பேன். ஆனால் விசாரணையில் மேனேஜர் கேட்டபோது என் பக்கம் திரும்பாமலே அவர் சொன்னார்: "நான் குடிச்சது மாப்ளைக்குத் தெரியும் சார். மோர் குடுத்து மெஷின்ல நிக்க வச்சதே அவர்தான்."

பொய்யாக இருந்தால் கத்தியிருப்பேன். அத்தனையும் நிஜம். அவருடைய வேலை போய்விடக் கூடாதே என்று நாங்கள் செய்ததையெல்லாம் எடுத்து எங்கள் மேலேயே வீசிவிட்டார். தப்பு இருவர்மேலும் என்று எழுதினார்கள். அவருக்கு கேட்டில் உட்காரும் வேலை கிடைத்தது. விரல் போன எனக்கு எந்த வேலையும் இல்லை. அன்றைக்கு வயிறெரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

போன மாதம் வெகுநாள் கழித்து வீட்டுக்கு வந்தார். வயிறு உப்பியிருந்தது, கண்ணெல்லாம் மஞ்சள். கல்லீரல் சுருங்கிவிட்டதாக வேலூரில் சொல்லிவிட்டார்களாம். இத்தனை வருஷம் அவர் ஊற்றியதையெல்லாம் வாங்கிக்கொண்டு ஓய்வில்லாமல் உழைத்தது அது ஒன்றுதான்.

"வெயில் ஜாஸ்தியா இருக்கும்மா, கொஞ்சம் மோர் குடேன்" என்று தங்கையைக் கேட்டார்.

காலையில் கடைந்த மோர் அடுப்படியில் இருந்தது. இஞ்சியும் கறிவேப்பிலையும் கூடம் வரை மணத்தன. அவருக்கும் மணத்திருக்கும். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

நான் "உம்" சொல்லவில்லை.

அவள் உள்ளே போய், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.