நர்ஸம்மா தேடிய ஒறம்பரை

சான்டா கிளாராவில் இந்தியச் சாமான் விற்கிற கடை ஒன்றில், கருவேப்பிலைக் கூடைக்கு முன்னால் கவுன் போட்ட ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். ஒரு கொத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். முகத்தைச் சுளித்து, "இதையக் கொண்டுபோயி மாட்டுக்குப் போட்டா மாடே ஒதைக்கும்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, சும்மா சிரித்துவைத்தார். நான் அப்படியே நின்றுவிட்டேன். நான் அமெரிக்கா வந்து ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது. அதுவரை என் மகன்கூட என்னிடம் அப்படி ஒரு தமிழ் பேசியிருக்கவில்லை. அவன் பேச்சில் படித்த ஊர்களும் வேலை பார்த்த ஊர்களும் ஏறிப்போயிருந்தன. கவுனும் கத்தரித்த முடியுமாக நின்ற அந்த அம்மாளின் வாயில் எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு ஒரு சொட்டும் சிந்தாமல் இருந்தது.

"ஏனுங், உங்களுக்கு எந்தூருங்?" என்று கேட்டேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். நல்ல கறுப்பு நிறம், என்னைவிட ஒரு பங்கு கூடுதல். கண் மட்டும் பூனைக்கண். "போத்தனூருங் அம்மணி. ரயில்வே ஆஸ்பத்திரில நர்ஸா இருந்தனுங்" என்றவர், என் காதையும் சேலைக்கட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீங்க தாராவரத்துப் பக்கந்தானுங்களே?" என்றார். தாராபுரமேதான். அன்றைக்குக் கருவேப்பிலையும் வாங்கவில்லை, பருப்பும் வாங்கவில்லை. கடை வாசலில் நின்று பேசிக்கொண்டே இருந்தோம். மகன் காரில் உட்கார்ந்து ஹார்ன் அடித்து அடித்து ஓய்ந்துபோனான்.

அவரை நான் கடைசிவரை நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் ஊர்ப்பக்கம் சட்டைக்காரர்கள் என்று சொல்வார்களே, வெள்ளைக்காரன் வழியில் வந்தவர்கள், அந்தக் கூட்டத்தில் பிறந்தவர். மகளோடு சான்டா கிளாராவுக்கு வந்து, எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். பகலில் அவர் வீடும் காலி, என் வீடும் காலி. எல்லோரும் வேலைக்குப் போனபிறகு அவர் மணி அடிப்பார். நான் அரிசிம்பருப்புச் சாதம் வைத்திருப்பேன், அவர் இறைச்சி வறுத்துக் கொண்டுவந்திருப்பார். பேச ஆளில்லாத ஊரில் பேச்சுக்கு ஆள் கிடைத்தால் அது என்ன ருசி என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இன்றைக்கும் பகல் பதினோரு மணி வாக்கில் என் காது வாசல் பக்கம் போய்விட்டுத்தான் திரும்புகிறது.

அவருக்கு ஒரு வேலை இருந்தது, மூதாதையரைத் தேடுவது. அவருடைய அப்பாவின் தாத்தா அயர்லாந்திலிருந்து எங்கள் பக்கம் ரயில் பாதை போட வந்தவர். அம்மா வழியில் ஓர் இங்கிலாந்துக்காரர், இன்ஜின் ஓட்டியவர். போத்தனூர் ரயில்வே குடியிருப்பில் பெரியவர்கள் 'நம்ம ஊரு' என்று சொன்னால் அது கண்ணால் பார்த்தேயிராத அந்தத் தீவுகள்தானாம். "ஊர்ல சட்டைக்காரின்னு சிரிப்பாங்க. இங்க வந்தா, இந்தியாக்காரிக்கு எதுக்கு எங்க பேரு இருக்குதுங்கறாங்க. எந்த வாசல்ல போயி நின்னாலும் யாரு வீட்டுப் புள்ளைன்னு கேக்கறாங்க அம்மணி. ஒரே ஒரு வாசல்ல, 'நம்ம புள்ளைதான், உள்ள வா'ன்னு சொன்னாப் போதும். நான் சோறுகூடக் கேக்கமாட்டேன்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

எனக்கு அது முதலில் பிடிபடவில்லை. எங்களில் அந்தக் கவலையே கிடையாது. முன்பின் தெரியாத ஒருவர் வந்து நின்றாலும் என்ன கூட்டம், அதாவது எந்தக் குலம், என்று கேட்டுவிடுவோம். ஒரே கூட்டம் என்றால் பங்காளி. அப்புறம் அவர் ஒறம்பரை, வீட்டுக்கு வந்த உறவு. இலை போடாமல் அனுப்பமாட்டோம். எங்கள் கூட்டத்துக் கோயிலில் முதல் மரியாதை என் பிறந்த வீட்டுக்கு. அதை நான் எந்த ஊரிலும் சொல்லாமல் இருந்ததில்லை, நர்ஸம்மாவிடமும் பலதடவை சொல்லியிருக்கிறேன். "உங்களுக்கென்னங், கோயிலு இருக்குது, கூட்டம் இருக்குது" என்று பெருமூச்சு விடுவார்.

ஒரு கிறிஸ்தவ சபை நடத்திய நூலகத்துக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போவோம். எந்தக் காலத்திலோ எந்தத் தேசத்திலோ பிறந்தவர்கள், கப்பலேறியவர்கள் பெயரையெல்லாம் அங்கே பிலிம் சுருளில் வைத்திருந்தார்கள். நர்ஸம்மா ஒரு பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு கைப்பிடியைச் சுற்றுவார். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும், இங்கிலீசுக்கு எங்கே போவது? பக்கத்தில் உட்கார்ந்து, வெளிச்சத்தில் ஓடுகிற எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இங்கிலாந்து வழி ஒரு மாதா கோயில் பதிவேட்டோடு நின்றுபோனது, உயிரோடு யாரும் இல்லை. அயர்லாந்து வழியில் மட்டும் ஒரு நூல் கிடைத்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர். தம்பி இந்தியாவுக்குக் கப்பலேறினான், அண்ணன் அமெரிக்காவுக்கு. அண்ணன் வந்து இறங்கிய இடம் நாங்கள் உட்கார்ந்திருந்த இதே கலிபோர்னியா.

அதற்குப் பிறகு டெலிபோன் டைரக்டரியை மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் குடும்பப் பெயர் உள்ள வீட்டுக்கெல்லாம் போன். பாதிப் பேர் ஏதோ விற்க வந்தவள் என்று வைத்துவிட்டார்கள். ஒருத்தர் மட்டும் பேசினார். வயசானவர், சான் ரமோனில் வீடு. ஆமாம், என் தாத்தா அந்த ஊர்தான், அவருக்கு ஒரு தம்பி இருந்தான், இந்தியாவுக்குப் போனான் என்றாராம். நர்ஸம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், "அம்மணி, கெடச்சுட்டாங்க. வரச் சொல்றாங்க" என்றார். குரல் சின்னப் பிள்ளையுடையதாக இருந்தது. ஃப்ரீவேயில் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் சான் ரமோன் வந்துவிடும். இத்தனை கிட்டத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களை எத்தனை கடல் சுற்றித் தேடினோம் என்று சிரித்தோம்.

முதல்முதலாகப் பங்காளி வீட்டுக்குப் போகிறவள் வெறுங்கையோடு போகலாமா? நர்ஸம்மா ஒரு கேக் செய்துகொண்டு போகலாம் என்றார். "கேக்கு அவங்ககிட்டயே இருக்குமுங். சீர் கொண்டுபோனாத்தான் ஒறம்பரைன்னு தெரியும்" என்று நான் பிடிவாதமாக நின்றேன். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலையோடு பூ, நான் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம், அவருடைய கேக்கும் ஒரு தட்டில். ஒற்றைப்படையில் தட்டுகளை அடுக்கி, சரிகைத் துணி போட்டு மூடினேன். ஞாயிற்றுக்கிழமை மகன் கார் ஓட்டினான். நர்ஸம்மா அன்றைக்கு நீலக் கவுன், முத்து மாலை. வழியெல்லாம் முடியைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

தட்டை ஏந்திக்கொண்டு வரிசையாக நடந்துபோய் மணி அடித்தோம். கதவைக் கொஞ்சமாகத் திறந்த ஒரு பாட்டியம்மாள், எங்களையும் தட்டுகளையும் பார்த்துவிட்டு, எங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்றார். அந்த இங்கிலீஷ் எனக்கே புரிந்தது. நர்ஸம்மா தன் பெயரைச் சொன்னார். உள்ளேயிருந்து அந்தப் பெரியவர் அவசரமாக வந்தார். நல்ல உயரம், சிவந்த முகம், நர்ஸம்மாவின் அதே பூனைக்கண். வந்தவருடைய பார்வை நர்ஸம்மாவைத் தாண்டியது, என்னைத் தாண்டியது, காரிலிருந்து இன்னும் யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்தது. யாரும் இறங்கவில்லை.

ஒன்றும் குறை சொல்ல முடியாது, மரியாதையாகத்தான் உட்காரவைத்தார்கள். காப்பி கொடுத்தார்கள். பெரியவர் மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். நர்ஸம்மா கைகளை மடியில் கோத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். என் மகன் முகம் மட்டும் சிவந்துபோனது. "என்னடா கண்ணு சொல்றாரு?" என்றேன். "சும்மா இரும்மா" என்று பல்லைக் கடித்தான். நர்ஸம்மா ஏதோ சொல்லிச் சிரித்தார், அவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

புறப்படும்போதுதான் அது நடந்தது. அந்த அம்மாள் எங்கள் தட்டுகளிலிருந்து ஆளுக்கு ஒரு துண்டு எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தையெல்லாம் வெள்ளித்தாள் போட்டு அழகாக மூடி, இவ்வளவையும் நாங்கள் எங்கே சாப்பிடப்போகிறோம் என்று திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார். அவர்களுக்கு அது நாகரிகம். எங்களில் சீர் திரும்பி வந்தால் உறவு வேண்டாம் என்று பொருள். நர்ஸம்மாவுக்கும் அது தெரியும், எங்கள் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்தானே. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தேங்க் யூ சொன்னார்.

கார் ஃப்ரீவே ஏறியது. நர்ஸம்மாவின் மடியில் தட்டுகள். அப்புறம் அவராகவே சொன்னார்.

"தம்பி இந்தியாவுக்குப் போயிக் கல்யாணமே கட்டாமக் காய்ச்சல்ல செத்துட்டாராமா. அவங்கம்மா வருசா வருசம் பூசை வெச்சாங்களாமா. அந்தக் காலத்துல பட்லருங்க எல்லாம் தொரை பேர வெச்சுக்குவாங்களாமா, எங்க பேரு அப்படி வந்ததா இருக்குமுங்கறாரு."

"அந்தக் கண்ணப் பாத்தும் சொன்னாரா?" என்றேன்.

"கண்ணுக்கு என்னங், பூனைக்குந்தான் இருக்குது" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு, "நான் ஒரு முட்டாளுங் அம்மணி. இத்தன வருசமா ஆம்பளைங்களையே தேடிட்டு இருந்திருக்கறேன். அந்த மனுசன் காய்ச்சல்ல கெடந்தப்ப கஞ்சி ஊத்தினவ ஒருத்தி இருந்தாளே, எங்கப்பனோட அப்பத்தா. சாகற வரைக்கும் சேலைதானாமா. ஒறம்பரை வந்தா அடுப்பங்கரைய உட்டு வெளிய வரமாட்டாளாமா. ஞானஸ்நானத்துல வெச்ச பேரு தெரியும். முந்திப் பேரு தெரியாது. போத்தனூருக்கு அக்கட்டால ஏதோ ஒரு ஊரு. அவ யாரு வீட்டுப் புள்ளையோ, எந்தப் பிலிமுல போயித் தேடறது?" என்றார்.

அவள் யார் வீட்டுப் பிள்ளையாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாதை போடுகிற இடத்தில் மண் சுமக்க எந்தத் தெருப் பெண்கள் போனார்கள் என்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாததல்ல. எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படிப் போகமாட்டார்கள் என்பதும், அந்தத் தெருக்காரர்களுக்கு எங்கள் வீட்டு வாசலில் என்ன இடம் என்பதும்தான் நான் பேசிய பெருமையில் பாதி. அதுவும் தவிர, கூட்டம் என்பது ஆண் வழி. பெண் வழியில் வராது. எல்லாம் தெரிந்துதான் வாயைத் திறந்தேன்.

"எங்க கூட்டந்தான்" என்றேன்.

மகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நர்ஸம்மாவும் திரும்பிப் பார்த்தார்.

"பொய் சொல்றீங் அம்மணி."

"அக்கட்டால இருக்கற ஊர்ல எங்க பங்காளிங்க இருக்கறாங்க. அங்கிருந்து ஒரு புள்ள ரயில்காரனக் கட்டிட்டுப் போயிட்டான்னு எங்க வீட்ல சொல்லுவாங்க."

"யாருங் சொன்னாங்க?"

"நான் சொல்றேன். பத்தாதுங்களா? கோயில்ல நிறுத்திக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன். தட்ட இக்கட்டால குடுங்க. பொறந்த வீட்டுக்கு வரவேண்டிய சீரு, வழி தப்பி எங்கயோ போயிட்டு வருது."

நர்ஸம்மா தட்டுகளை என் மடிக்கு மாற்றினார். அப்புறம் என் தோளில் சாய்ந்து அழுதார். கறுப்புக் கையில் முத்து மாலையைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல். மகன் அதன்பிறகு கண்ணாடியைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தத் தட்டுகளைச் சாமி முன்னால் வைத்தேன். பிறகு இலை போட்டேன். நர்ஸம்மா வயிறு நிறையச் சாப்பிட்டார், இரண்டாவது முறை ரசம் கேட்டு வாங்கினார். அன்றிலிருந்து என்னை அம்மணி என்று கூப்பிடவில்லை, அக்கா என்றார். நூலகத்துக்கும் போகவில்லை.

பிறகு மகளுக்கு வேலை மாறி டெக்சாஸில் ரிச்சர்ட்சனுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "அக்கா, இங்க கருவேப்பில பரவாயில்லீங்" என்பதிலிருந்து தொடங்குவார். நாங்கள் மறுபடி பார்த்துக்கொள்ளவில்லை. இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்பதிலேயே வருஷங்கள் போய்விட்டன. ஒரு புதன்கிழமை நடுப்பகலில் அவருடைய மகள் கூப்பிட்டாள். அழுதுகொண்டே இங்கிலீஷில் சொன்னாள், எனக்குப் புரிந்தது.

போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனேன். வெந்நீர் திறக்கவில்லை. பச்சைத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரச்சேலையோடு வெளியே வந்தேன். அன்றைக்கு மருமகள் உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தாள். பயந்துபோய், "என்னங்க அத்தை, ஊர்ல யாராச்சும் தவறிட்டாங்களா?" என்றாள்.

"ஊர்ல இல்ல. டெக்சாஸ்ல" என்றேன். "எம் பங்காளி."

அவள் துண்டை எடுத்துவந்து என் தலையைத் துவட்டிவிட்டாள்.