ஏழு மணிக்கு அசைந்த கை

ஸ்டெல்லாவின் வலது கைக்கு இனிமேல் தெரபி கொடுத்துப் பிரயோஜனம் இல்லை என்று டாக்டரம்மா சொன்ன அதே வாரத்தில்தான் எங்கள் சென்டருக்கு அந்த டப்பா வந்தது.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது இது. திண்டுக்கல்லில், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கான சின்ன சென்டர் ஒன்றில் நான் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். செரிபிரல் பால்சி என்ற நீளமான பெயரைச் சுருக்கி, நாங்கள் சி.பி. என்போம். ஸ்டெல்லாவுக்கு அப்போது எட்டு வயது. ஊர் சேவுகம்பட்டிப் பக்கம். பிறந்த நேரத்தில் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடம்பின் வலது பக்கம் இறுகிப்போன பிள்ளை. கால் ஒருவழியாகத் தேறி நடந்துவிட்டாள். கை மட்டும் நெஞ்சோடு மடங்கி, விரல்களை இறுக்கிக்கொண்டு கிடந்தது. "கையைத் தூக்கு கண்ணு" என்று சொன்னால் போதும், இன்னும் இறுகும்.

டாக்டரம்மா கெட்டவர் அல்ல. வெளியே எத்தனையோ பிள்ளைகள் இடத்துக்காகக் காத்திருந்தார்கள். இடது கையால் எழுதப் பழக்குங்கள், வலதை விட்டுவிடுங்கள், எதற்கும் அடுத்த ரிவ்யூவில் ஒருமுறை பார்த்து முடிவு செய்வோம் என்றார். விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தசை சுருங்கி, மூட்டு பிடித்துக்கொண்டு, அந்தக் கை நிரந்தரமாக அப்படியே நின்றுவிடும்.

டப்பாவைக் கொண்டுவந்தவர் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் லெக்சரர், ஹக்கீம் சார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே ஆக்ஸிலரோமீட்டர் என்ற சென்சார். வெல்க்ரோ பட்டையால் மணிக்கட்டில் கட்டிவிட்டால், கை அசைவதையெல்லாம் நேரத்தோடு பதிந்து வைக்கும். பிறகு கம்ப்யூட்டரில் கேபிள் செருகினால் கிராஃப் வரும். கை அசைகிறதா என்று பார்க்க எனக்கு ரெண்டு கண் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"உங்க கண்ணு சென்டர்லதான மேடம் இருக்கு. பிள்ள வீட்லல்ல இருக்கு."

டப்பாவை ஸ்டெல்லாவின் வலது கையில் கட்டி அனுப்பினேன்.

டவுன் பஸ் செய்த பயிற்சி

முதல் கிராஃப் வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். வலது கை அமர்க்களப்படுத்தியிருந்தது. மேலும் கீழுமாகக் கோடுகள், தொடர்ந்து ஒன்றரை மணி நேரம். ஹக்கீம் சார் நேரத்தைப் பார்த்துவிட்டு, அவர்கள் எத்தனை மணிக்கு ஊரிலிருந்து பஸ் ஏறுவார்கள் என்று மெதுவாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வத்தலக்குண்டு ரோட்டில் பஸ் குலுங்கிய குலுங்கலைத்தான் நான் முன்னேற்றம் என்று கொண்டாடியிருக்கிறேன்.

பஸ் நேரத்தை அடித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் ஏறக்குறைய வெறும் கோடு. ஓர் இடம் மட்டும் இடித்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் நாலு சின்ன மேடுகள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் நாலு. மறுநாளும் அதே நேரத்தில் அதே மாதிரி.

ஸ்டெல்லாவின் அம்மா ஆரோக்கியமேரியிடம் ஏழு மணிக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று விசாரித்தேன்.

"ஜெபமால சொல்லுவோம் மேடம். சிலுவ போடணும்ல, இவளுக்குக் கை வராது. நாந்தான் புடிச்சுத் தூக்கி விடுவேன். சோத்தாங்கையிலதான போடணும்."

நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். நாலு மேட்டுக்கும் கணக்குச் சரியாக வந்துவிட்டது. அம்மா தூக்கினாலும் பிள்ளை தானாகத் தூக்கினாலும் டப்பாவுக்கு எல்லாம் ஒன்றுதான்.

அம்மாவுக்கும் ஒரு டப்பா

ஹக்கீம் சார் அப்படியே விடுகிற ஆள் இல்லை. இன்னொரு டப்பாவை எடுத்து, இரண்டின் கடிகாரத்தையும் ஒன்றாக வைத்து, ஆரோக்கியமேரியின் வலது மணிக்கட்டில் கட்டினார். அம்மா தூக்கிவிட்டால் இரண்டு கோடும் ஒரே நேரத்தில் எகிற வேண்டும். புது வாட்ச் என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள் என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே போனார்.

இரண்டு கிராஃபையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். ஜெபமாலை தொடங்கும்போது இரண்டும் சேர்ந்தே எகிறின. அம்மாதான் தூக்கியிருக்கிறார். பிறகு அம்மாவின் கோட்டில் மணி உருட்டுகிற சின்னச் சின்ன நெளிவு மட்டும். அது போய்க்கொண்டே இருக்கையில், கீழே ஸ்டெல்லாவின் கோட்டில் நாலு மேடு. சற்றுத் தள்ளி இன்னொரு நாலு. அம்மாவின் கை பக்கத்திலேயே இல்லை.

ஹக்கீம் சார் கடிகாரத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். அது சரியாகத்தான் இருந்தது. ஆரோக்கியமேரியைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஜெபமாலையில் பத்து மணியை உருட்டிச் சொல்லி முடித்ததும் 'பிதாவுக்கும் சுதனுக்கும்' என்று ஒரு ஜெபம் வரும், அதற்கும் சிலர் சிலுவை போடுவார்கள், அந்த இடமாகத்தான் இருக்கும் என்றார். அங்கே ஸ்டெல்லா கையைத் தூக்கியதை நீங்கள் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"அப்ப நாங்க எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுல்ல மேடம் இருப்போம்" என்று சொன்னவர், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

வீட்டு ஜனம் முழுக்கச் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவில் இந்தப் பிள்ளை தினமும் தன் செத்த கையைத் தானே தூக்கியிருக்கிறாள். ஒருவரிடமும் சொல்லவில்லை. பார்த்தது ஒரு தீப்பெட்டி டப்பா மட்டும்தான். அந்த டப்பாவைக் கும்பிடலாம் போல இருந்தது. பிள்ளையைப் பார்க்கத்தான் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

ரிவ்யூ

டாக்டரம்மா கிராஃபைப் பார்த்தார். பேப்பரில் எதை வேண்டுமானாலும் வரையலாம், என் முன்னால் செய்யட்டும் என்றார். நியாயம்தான். ஸ்டெல்லாவைச் செய்யச் சொன்னோம். உதட்டைக் கடித்தாள், தோளை உயர்த்தினாள். நாங்கள் எல்லோரும் உற்றுப் பார்க்கப் பார்க்கக் கை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. சி.பி. பிள்ளைகளுக்குப் பதற்றம் வந்தால் இறுக்கம் கூடும். பாடப் புத்தகத்தில் படித்ததுதான். டாக்டரம்மா பேனாவைத் திறந்தார்.

நான் அவரிடம் அதுவரை எதிர்த்துப் பேசியதில்லை.

"டாக்டர், செத்த நேரம் கண்ண மூடிக்கிறீங்களா?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஹக்கீம் சார் மூடினார், நானும் மூடினேன். ஆரோக்கியமேரி இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். ஃபேன் சத்தத்துக்கு மேலே அவர் குரல் நடுங்கிக்கொண்டே போனது. 'பிதாவுக்கும்' என்ற சொல் வந்தபோது என் இமை துடித்தது. திறக்கவில்லை.

முடிந்ததும் ஸ்டெல்லாவின் கையில் கட்டியிருந்த டப்பாவைக் கழற்றிக் கேபிளைச் செருகினோம். கோணல்மாணலாக ஒரு மேடு. அடுத்து ஒன்று. இன்னும் ஒன்று. அதற்கப்புறம் வெறும் கோடு. டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையில் விரல் வைத்து நகர்த்திக்கொண்டே போனார்.

"மூணுதான பாப்பா இருக்கு?"

ஸ்டெல்லா அம்மாவைத் திரும்பி முறைத்தாள்.

"நாலாவது போடுறதுக்குள்ள அம்மா வெரசா முடிச்சிருச்சு."

டாக்டரம்மா ஃபைலை இழுத்து, வலது கைக்குத் தெரபி தொடரட்டும் என்று எழுதினார். எழுதிக்கொண்டே ஆரோக்கியமேரியிடம் சொன்னார்: "இனிமே மெதுவாச் சொல்லும்மா."

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். ஒரு குழந்தையைக் கையைத் தூக்கச் சொல்லிவிட்டு அந்தக் கையையே முறைத்துப் பார்க்காதீர்கள். வேறு பக்கம் திரும்பி நின்று காத்திருங்கள். நாலாவது மேட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. அது அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்.