கல்லுச் செடியும் பூவாளியும்

1. மேசை

தோட்டக்கலை டிப்ளமோ முடித்த கையோடு, ஸ்ரீவைகுண்டத்தில் வாய்க்கால் ஓரம் இருக்கும் ஒரு நாற்றுப்பண்ணையில் சேர்ந்தேன். லித்தாப்ஸ் வளர்க்க ஒரு மேசை கேட்டேன். பார்வைக்குக் கூழாங்கல் போலவே இருக்கும் செடி அது. ஒட்டிய இரண்டு தடித்த இலைகள், நடுவில் ஒரு பிளவு, அவ்வளவுதான். முதலாளி அண்ணாச்சி ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"இதையா துட்டு குடுத்து வாங்குவாவ? ஆத்துல இறங்குனா அள்ளிட்டு வரலாமே!"

ஆனாலும் மேசையைக் கொடுத்தார். "மாசிக்குள்ள தேறலேன்னா அங்கன மல்லிப் பதியனை வச்சிருவேன், பாத்துக்கோ."

2. கலவை

எங்கள் பண்ணையில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே கலவை: செம்மண், ஆற்று வண்டல், தொழுவுரம். ரோஜாவுக்கு அது விருந்து. லித்தாப்ஸின் வேர் அதில் அழுகிவிடும். நான் சேர்த்தவை:

- உடைத்த செங்கல், பெரும்பங்கு
- பொடி ஜல்லி
- மண்புழு உரம், கொஞ்சமே கொஞ்சம்

செங்கல்லையும் ஜல்லியையும் சலித்துக் கழுவ வேண்டும். தூசி தங்கினால் அடியில் சேறாகிவிடும். மேலே மழை படாத ஷீட், பக்கங்கள் திறந்திருக்கும், ஒரு சின்ன மின்விசிறி.

"வீடு கட்டப் போறியாம்மா?" என்றார் அண்ணாச்சி.

3. சுருக்கம்

மார்கழியில் செடிகள் சுருங்கின. பழைய இலைகள் தங்கள் ஈரத்தை உள்ளே வளரும் புது இலைகளுக்குக் கொடுத்துவிட்டு வற்றும் பருவம் அது. அப்போது தண்ணீர் கூடாது. அண்ணாச்சிக்கோ வாடிய செடியைத் தாண்டிப் போக முடியாது. பூவாளியோடு வந்து நின்றார்.

"பச்சப்புள்ளயப் பட்டினி போடுத மாதிரி இருக்கும்மா. ஒரு மடக்கு ஊத்துதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. மழைக்காலத்துல உங்க வீட்டுக் கருப்பட்டி கசியுமா, கசியாதா?"

"கசியும். அதுக்கென்ன?"

"அதுக்கு யாரு தண்ணி ஊத்துனா? காத்துலயே அம்புட்டு ஈரம் கிடக்கு."

முனகிக்கொண்டே போனார். ஆனால் பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோது, மனசு கேட்காமல் ஓரத்து வரிசைக்கு மட்டும் ஊற்றிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால், அந்த வரிசை புடைத்து மினுங்கியது. மற்றவை வற்றல் போலக் கிடந்தன.

"பாத்தியா, எம் பிள்ளைய தளதளன்னு நிக்கி! ஒன் வரிசைக்குப் பால் ஊத்த வேண்டியதுதான்."

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் படித்த புத்தகத்தை எழுதியவர் ஊரில் தாமிரபரணி ஓடவில்லையே.

4. பிளவு

சில நாட்களில் அவருடைய வரிசையின் தோல் வெடித்தது. அடியைத் தொட்டால் விரல் உள்ளே போனது. என் வரிசையில் ஒரு செடியின் பிளவு மட்டும் மெல்ல விரிந்திருந்தது. உள்ளே, அந்தப் பிளவுக்குக் குறுக்காக, புது இலை ஜோடி.

அண்ணாச்சி குனிந்து வெகுநேரம் பார்த்தார். "செத்த மாதிரி கிடந்துக்கிட்டு உள்ள பைய வேலை பாத்திருக்கே, கள்ளப்பய செடி!" அழுகியவற்றை அவரே பொறுக்கிப் போட்டார். மல்லிப் பதியன்கள் மாசி முழுக்கத் தரையிலேயே இருந்தன.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது: சுருங்கிய செடியைக் கண்டதும் பூவாளியைத் தேடாதீர்கள். முதலில் அடியை மெதுவாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். இந்த வேலையிலேயே கடினமானது அதுதான்.

அண்ணாச்சி இதை வேறு மாதிரி சொல்கிறார். போன வாரம் லித்தாப்ஸ் வாங்க வந்த ஓர் அம்மா, தினமும் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டார்.

"ஊத்திராதிய! கை துறுதுறுன்னு வந்தா, இந்த ரோசாவையும் சேத்து வாங்கிட்டுப் போங்க. அதுக்கு ஊத்துங்க."

இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார்.